அரசுத் தரப்புச் சாட்சி மூன்று

சாட்சி சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது.
அசன வாரத்தில் மைக்கைப் பிடித்தால்
உபதேசியார் மணி பார்த்து இருமுவார்.
கர்ப்பப்பைக் கட்டி கரைந்தது,
தையல் மிஷின் தவணை அடைந்தது,
தம்பிக்கு ஆவடியில் வேலை கிடைத்தது,
எல்லாம் அவர் கிருபை என்று
அழுதுகொண்டே சொல்லி உட்காருவேன்.
ஸ்தோத்திரம் என்பார்கள்.
செலவில்லாத சாட்சி அதெல்லாம்.

களக்காட்டுச் சாலையில்
வாழைத்தோட்ட வளைவில்
டிசம்பர் பஜனை முடிந்து நான் திரும்பிய விடியலில்
உச்சிமாகாளியை டிராக்டர் அடித்தது.
ஓரமாகத்தான் போனார்,
ஆடுகள் முன்னே, அவர் பின்னே.
ஓட்டியது ரெனால்டு,
சபைச் செயலர் ஆபேல்துரை மகன்.
இறங்கிப் பார்த்தான்.
என்னையும் பார்த்தான்.
ஏறிப் போனான்.

போலீஸ் கேட்டபோது
பனி, ஒன்றும் தெரியவில்லை என்றேன்.
பனி இருந்தது உண்மைதான்.
குடித்துவிட்டுக் குறுக்கே விழுந்தார் என்று
எழுதி முடித்தார்கள்.

பங்குனியில் முப்பிடாதி கடைக்கு வந்தாள்.
புருஷன் சட்டையை
மகனுக்கு அளவு குறைக்க வேண்டும்.
முதுகில் ஒரு சாண் கிழிசல்.
"இது மட்டும் வெளிய தெரியாம மூடிரணும்க்கா."
குறுக்கே விழுந்தவனுக்கு
முதுகில் எப்படிக் கிழியும் என்று
அவள் கேட்கவில்லை.
துணியை வைத்து மிதித்தேன்.
ஊசி இறங்க மறுத்தது.
அன்று மிஷினில் ஒரு கோளாறும் இல்லை.

சாயங்காலமே ஸ்டேஷனுக்குப் போய்
மாற்றி எழுதிக் கொடுத்தேன்.
மறுநாள் ஆபேல்துரை அண்ணாச்சி
ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார்.
"ஊர்ல பாதிப்பேரு அஞ்ஞானிய.
நம்ம ஆள நாமளே காட்டிக் குடுத்தா
சபையோட சாட்சி கெட்டுப் போகாதா ஜெபக்கனி?"
கண் மூடி ஜெபித்தார்.
பழக்கத்தில் நானும் ஆமென் என்றேன்.
ராத்திரி முழுக்க அந்த ஆமென்
தொண்டையில் சாளை முள்ளாய்க் கிடந்தது.

இரண்டு வருஷம் கழித்து நாங்குநேரி கோர்ட்டில்
டவாலி மூன்று தரம் கூப்பிட்டார்.
ஜெபக்கனி, ஜெபக்கனி, ஜெபக்கனி.
ஞாயிறுபள்ளியில் கேட்ட
தூக்கம் கலைந்த சின்ன சாமுவேலைப் போல
இதோ இருக்கிறேன் என்றேன்.
சத்தம் வெளியே வரவில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர்.
ஜெபித்துக்கொண்டே நடப்பீர்களோ?
சில நாள்.
அப்போது கண் மூடியிருக்குமோ?
பின்வரிசையில் சிரித்தார்கள்.
மூடினால் ஓடைக்குள் விழுவேன் ஐயா.
முதலில் பார்க்கவில்லை என்றீர்களே, அது?
பொய்.
யார் சொல்லச் சொன்னது?
பயம்.
டைப் அடிக்கிற பெண்
என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு
அதையும் அடித்தாள்.
யாரும் ஸ்தோத்திரம் என்று சொல்லவில்லை.
மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது.

தீர்ப்புக்கு இன்னும் வாய்தா.
கோவிலில் என் பாயில் இப்போது இடம் தாராளம்.
ரெனால்டின் அம்மாவும் நானும்
ஒரே பாட்டுப் புத்தகத்தில் பாடியவர்கள்.
அவளுக்காக ஜெபிக்கிறேன்.
முழு மனதோடா என்று கேட்காதீர்கள்.

முப்பிடாதி நன்றி சொல்லவில்லை.
மூன்று மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவளுக்கு
என்னத்துக்கு நன்றி?
சுடலைக்குக் கொடை முடிந்த மறுநாள்
வாசலில் வந்து நின்றாள்,
கையில் தூக்குவாளி.
"படைக்கதுக்கு முன்னாலயே
ஒங்களுக்குன்னு தனியா அள்ளி வச்சிட்டேன்.
சாமி பார்க்கல. தைரியமா சாப்பிடுங்க."
சர்க்கரைப்பொங்கல். சூடு ஆறியிருந்தது.
ஊருக்கே காவல் நிற்கிற சாமியை
ஒரு நிமிஷம் காக்க வைத்துவிட்டு
எனக்கு அள்ளியிருக்கிறாள்.

இதை அசனத்தில் எப்படிச் சொல்ல?
சொன்னால் மைக்கைப் பிடுங்குவார்கள்.

வாளியைக் கழுவிக் கவிழ்த்தேன்.
வெறும் வாளியைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது.
என்ன போட்டுக் கொடுப்பது என்று தெரியாமல்
நாலு நாளாய் அடுக்களையில் இருக்கிறது.