நோக்கம்

ஒடுகத்தூர் தாண்டி ஏழாவது கிலோமீட்டரில்
சங்கிலி.
இரண்டு கல்தூண்களுக்கு நடுவே தொங்கும் துரு.
பூட்டு மட்டும் புதிது.

மூன்று வண்டிகள் நின்றோம்.
ஐம்பத்திரண்டு வயதான என் ஜாவா.
பேரணாம்பட்டில் தோல்மூட்டை சுமந்து
முதுகு வளைந்துபோன தப்ரேஸின் ராஜ்தூத்.
கிருபாகரனின் புல்லட்:
வலது காலில் கியர், இடது காலில் பிரேக்,
இரவுப்பணி முடித்துவந்த நர்ஸின் தூக்கம்
இரண்டு காலிலும்.

எஞ்சினை அணைத்ததும்
மலை வந்து காதில் உட்கார்ந்தது.
சூடான இரும்பு சுருங்கும் டிக் டிக்.
எங்கோ ஒரு மரங்கொத்தி,
அதுவும் டிக் டிக்.
எது எதுவென்று பிரித்தெடுக்கக்
கொஞ்ச நேரம் பிடித்தது.

வனக்காப்பாளர் பூங்காவனம்
ரப்பர் செருப்போடு வந்தார், கையில் பதிவேடு.
"வண்டி நம்பர் சொல்லுங்க."
மூன்று எழுத்தும் நாலு எண்ணும் சொன்னேன்.
"முன்னாடி டிஎன் எங்க?"
அப்போது அது பிறக்கவில்லை மேடம்.
"போன்லயும் ஏத்தணும் சார். இத எடுக்க மாட்டேங்குது."
கைபேசி சிவப்பாகச் சிணுங்கியது.
வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று
நாலாய்க் கிழித்துக் கட்டிக்கொண்ட ஒரே வேட்டியின்
சலவைக் குறியைத்தான்
என் வண்டி இன்னும் மட்கார்டில் மாட்டித் திரிகிறது.
வட ஆற்காடு என்றொரு மாவட்டம் இல்லையென்று
யாரும் அதனிடம் சொல்லவில்லை.

அடுத்த கட்டம்: நோக்கம்.
பேனா என் பக்கம் நீண்டது.

காகிதப்பட்டறையில் பல்செட் செய்கிறேன்.
ஆறு நாளும்
யார் யார் வாய்க்குள்ளோ உட்காரப்போகும் பற்களை
மெழுகில் செதுக்குகிறேன்.
ஏழாம் நாள்
உதைக்கிற கம்பியையே மடக்கினால் கியராகிவிடும்
இந்த விடுகதைமேல் ஏறி
எந்த வாயிலும் பொருந்தாத ஒரு சத்தத்தை
மேட்டில் ஏற்றி, பள்ளத்தில் இறக்குகிறேன்.
இதற்கு இந்தக் கட்டத்தில் அடங்குகிற சொல் எது?
'சும்மா' என்று எழுதினேன்.

படித்துவிட்டு நிமிர்ந்தார்.
"சும்மா போறதுக்கு ஏப்ரல் முடியட்டும் சார்."

அப்போது பின்னால் வந்தது ஒரு எக்ஸ்எல்.
முன்னால் ரேஷன் அரிசி, பின்னால் புருஷன்.
ஓட்டியவள் இறங்கவுமில்லை.
சங்கிலி தாழ்ந்தது, வண்டி போனது, சங்கிலி எழுந்தது.
தப்ரேஸ் கொதித்தான்: "அவங்க மட்டும் போலாமா?"
"அவங்க வூடு மேல கீது.
உங்க வூடு?"
கிருபாகரன் தூக்கத்திலேயே சிரித்துவிட்டான்.

பதிவேட்டின் முனையால் எதிர்ச்சரிவைக் காட்டினார்.
மூங்கில் இருந்த இடமெல்லாம்
சவரம் பாதியில் நின்ற கன்னம்.
"போன வருசம். பீடியா, சைலன்சரா, தெரியல.
மூணு நாளு தழையால அடிச்சோம்.
என் ஷூ அங்கயே உருகிப்போச்சு.
வேற இன்னும் வரல."

என் வண்டி பொறி துப்பாது என்றேன்.
"எல்லாரும் அதான் சொல்றாங்க."

எனக்குக் கோபம்தான்.
சட்டம் என்றும் பாதை என்றும்
நாக்கில் அடுக்கி வைத்திருந்த வாக்கியங்களை
அப்படியே விழுங்கி
வண்டியைத் திருப்பினேன்.
நூற்றிருபது கிலோவுக்குக் கொஞ்சமும் குறையாத
கோபம்.
என் 'சும்மா'வை அடித்து, பக்கத்தில்
'திரும்பினர்' என்று அவர் எழுதுவதைக்
கண்ணாடியில் பார்த்தேன்.

ஒடுகத்தூர் டீக்கடை வாசலில்
ஸ்டாண்டு போடக் குனிந்தபோது கண்டேன்:
சைலன்சர் வளைவில்
ஒரே ஒரு புல்.
நுனி கரி.
அடி இன்னும் வைக்கோல் மஞ்சள்.
மேலே போகவேயில்லை நாங்கள்,
சங்கிலிக்கு இந்தப் பக்கத்திலேயே
எங்கேயோ
பற்றியிருக்கிறது.

தப்ரேஸ் மே மாதத்துக்குத் தேதி குறித்துக்கொண்டிருந்தான்.
விரலால் அதை எடுத்து
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
அவனிடம் காட்டவில்லை.