குகை வந்தால் கத்துகிறவர்கள்

ஹில்குரோவுக்கு மேலே பாறை விழுந்து
இன்றோடு நாலாம் நாள்.
வண்டி இல்லாத ஞாயிற்றுக்கிழமை
எங்கள் ஐந்து பேரையும்
குன்னூர் ஸ்டேஷனுக்கு எதிர்க்கடையில்
வர்க்கியும் டீயுமாக உட்கார வைத்துவிட்டது.

வாய் சும்மா இருக்குமா?
பெல்லிராஜ்தான் ஆரம்பித்தான்:
உலகத்திலேயே அழகான சுரங்க ரயில் பெட்டி எது?

கோத்தகிரியில் மாட்டு டாக்டர் அவன்.
டீயைத் தொட்டு மேசைமேல் லண்டன் பெட்டியை வரைகிறான்:
வளைந்த கூரை, கூரையோடு வளைந்த கதவு.
"குகைக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டைடா அது.
உயரமானவன் கதவோரம் நின்னா
கழுத்தைச் சாய்ச்சே ஆகணும்."

கழுத்து வலிக்கிறதில் என்ன அழகு
என்றாள் ஃபிரான்சினா, லவ்டேலில் கணக்கு டீச்சர்.
அவளுக்குப் பாரீஸ்: ரப்பர் டயரில் ஓடுகிற வண்டி.
நேரில் பார்த்ததில்லை,
டயரின் விட்டம் தெரியும்.

"டயர் வெச்சா அது பஸ்!"
இம்தியாஸ் எழுந்தே விட்டான்.
அவன் கட்சி கல்கத்தா.
ஏசி வராத காலத்துப் பெட்டி,
கூரை நெடுக விசிறி.
பதினோரு வயதில் மாமா வீட்டுக்குப் போனவன்
டம்டம்மிலிருந்து டாலிகஞ்ச் வரை
இரண்டு தடவை போய் வந்தானாம்.
விசிறி எத்தனை என்றால் சொல்ல மாட்டான்.
ஏன் பிடிக்கும் என்றாலும் சொல்ல மாட்டான்.

கடாட்சம் அண்ணன் ஷெட்டில் ஃபிட்டர்.
மூன்றாவது வர்க்கியில் இருந்தார்.

என் முறை.
நான் பாலிசி விற்கிறவன்,
ஒரே ஒரு தடவை ஏறியிருக்கிறேன், சென்னையில்.
எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மாதிரிப் பெட்டி,
சத்தமே போடாமல் மூடுகிற கதவு.
கோயம்பேடு வரை வெயில்.
பிறகு தண்டவாளம் சரிந்தது,
எதிரே வாயைத் திறந்துகொண்டு இருட்டு.

பிறந்ததிலிருந்து பழக்கம் பாருங்கள்.
கல்லாறு தாண்டி முதல் குகைக்குள் நுழைந்ததும்
ஹோ என்று கத்தாதவன்
இந்த மலை ரயிலில் உண்டா?
கைக்குழந்தை கத்தும், கலெக்டர் கத்துவார்,
முதல் குகையில் வெட்கப்பட்ட புதுப்பெண்
மூன்றாம் குகையில் மாப்பிள்ளையை மிஞ்சுவாள்.
பதினாறு குகைக்கும் பதினாறு கத்தல்.
முன்பலகையில் கொடியோடு நிற்கிற
பிரேக்ஸ்மேன் மட்டும் வாயைத் திறப்பதில்லை,
அவருக்கு வேலை இருக்கிறது.

கத்திவிட்டேன்.
அடிவயிற்றிலிருந்து.

அறுபது முகம் போனிலிருந்து நிமிர்ந்தது.
ஒரு அம்மா கைப்பையை மடிக்குள் இழுத்துக்கொண்டார்.
பாதுகாப்புக்காரர் நாலு பெட்டி தள்ளி இருந்தவர்
நடந்தே வந்துவிட்டார்,
பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் கதவில்லாத டிசைன் அது.
"என்ன சார் ஆச்சு?"
"குகை வந்துச்சு" என்றேன்.
வேறு என்ன சொல்வது?

சுவரில் மோதித் திரும்பி வர
ஜன்னல் திறந்திருக்க வேண்டாமா,
என் சத்தம் வெளியே போகவே இல்லை.
காலடியிலேயே கிடந்தது,
திருமங்கலத்தில் நான் அதைத் தாண்டி இறங்கும் வரை.

பெல்லிராஜுக்குப் புரையேறிவிட்டது.
ஃபிரான்சினா சிரிக்கவில்லை,
கண்ணாடி எவ்வளவு தடிமன் என்று கேட்டாள்.
கடாட்சம் அண்ணன் முதன்முறையாக வாய் திறந்தார்:
"நீலப் பெட்டியில ரெண்டு ஜன்னல் இறங்காம மக்கர் பண்ணிச்சு.
நேத்துதான் சரி பண்ணேன்."
அவ்வளவுதான். மறுபடி வர்க்கி.

இம்தியாஸ் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.
ஸ்டேஷன் கூரையில் மழை.

"நானும் கத்தினேன்" என்றான்.
"டம்டம் தாண்டி வண்டி கீழே இறங்கினப்போ.
மாமா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.
அத்தனை விசிறிச் சத்தத்தில்
அவருக்குக்கூடக் கேட்கலை.

திரும்பி வரும்போதும் கத்தினேன்."