மூன்று கட்டங்கள்

படிவம் வெள்ளிக்கிழமை வந்தது.
ஒன்பதாம் வகுப்பு, முப்பத்தோரு பேர்.
ஒவ்வொரு பெயருக்கும் நேரே மூன்று கட்டம்:
பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர்.
ஒன்றில் மட்டும் டிக் அடிக்கவும்.
திங்கள் மாலைக்குள் ஏற்றிவிட வேண்டும்,
பூம்பாறையில் சிக்னல் இருந்தால்.

குழந்தைவேலுவைக் கேட்டேன்.
"எதுல டீச்சர் மார்க்கு ஜாஸ்தி?" என்றான்.

ஜெனோவா எழுந்து யோசித்தாள்.
யோசிப்பதென்றால் ஸ்வெட்டர் கைநுனியைக் கடிப்பது.
பூண்டு உரிக்கும்போது சூத்திரம் மனதில் நிற்கிறதாம்.
வாசிப்பது தம்பி, உரிப்பது இவள்.
அவன் தப்பாக வாசித்தால் சட்டென்று தெரிகிறதாம்.
இது கேட்பதா, செய்வதா,
தம்பி தலையில் குட்டுவதா?

பூமயில் ஒன்றும் சொல்லவில்லை.
அவள் கணக்குத் தாளில் விடை இருக்கும்,
வழி இருக்காது.
தாள் மட்டும் அங்கங்கே நைந்திருக்கும்.
'வழி எங்கே?' என்று எழுதி எழுதியே
என் சிவப்புப் பேனா ஒன்று தீர்ந்துபோனது.
"உனக்கு எப்படிம்மா வருது?"
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
ஜன்னலில் மூட்டம். வேறொன்றுமில்லை.

"நீங்க எதுல டீச்சர்?"
கடைசி பெஞ்ச். பெயர் சொல்ல மாட்டேன்.

நான் பரமக்குடிக்காரி.
மொட்டைமாடியில் ஏறினால் அடுத்த ஊர் தெரியும்.
எனக்குக் கணக்கு கற்றுக்கொடுத்தது ஒரு மர ஸ்கேல்.
பார்த்தேன், கேட்டேன், வாங்கிக்கொண்டேன்.
அதற்குக் கட்டம் போடவில்லை.
"தெரியலையே" என்றேன்.
வகுப்புக்கு அப்படியொரு சந்தோஷம்.

"கண்டுபிடிச்சிரலாம் டீச்சர்."

வந்து நான்கு மாதமாகிறது.
மூட்டம் இறங்கிவிட்டால் பஸ் நிறுத்தம் போக
இன்னும் யாராவது என் கையைப் பிடிக்க வேண்டும்.
ஊருக்கே தெரிந்த விஷயம்.

குழந்தைவேல் போர்டில் படம் போட்டான்:
படிப்படியாகப் பூண்டு வயல், இரண்டு தண்ணீர்த் தொட்டி,
அம்புக்குறியோடு ஒரு நாய்.
நாய் அங்கேயே இருக்குமா என்றேன்.
"இருக்கும், கிழநாய்."
ஜெனோவா வாயால் சொன்னாள்:
இடது, இடது, யூகலிப்டஸ் வாசம், வலது.
ஒப்பித்தேன். கைதட்டினார்கள்.

நாலரைக்கு என்னை மூட்டத்துக்குள் இறக்கிவிட்டுப்
பின்னாலேயே வந்தார்கள்.
வாய் திறக்கக் கூடாதென்று ஒப்பந்தம்.

படம் முதல் தொட்டியிலேயே கலைந்தது.
இரண்டாவது இடது என்னை யாருடைய வயலிலோ விட்டது.
செருப்பு சேற்றில், நான் வரப்பில்.
மூக்கு நிறையப் பூண்டு, யூகலிப்டஸ் எங்கேயுமில்லை.
முதுகுக்குப் பின்னால்
முப்பது பேர் சிரிப்பை விழுங்கும் சத்தம்.
ஒருவர்கூடச் சொல்லவில்லை.
நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.
பத்து விநாடிகூடத் தாங்காது எனக்கு.

மேலே ஏறினேன். முழங்கால் இடித்தது.
இரண்டாவது தொட்டி.
ஆக, வழுக்குகிற பக்கம் தப்பு,
கல் உறுத்துகிற பக்கம் சரி.
இன்னொரு தப்பு. திரும்ப ஏற்றம்.
எதன்மேலோ கால் பட்டது, உறுமியது.
நாயைத் தாண்டினால் வலது.

ஐந்தரை மணி பஸ்ஸின் விளக்கு
கரைந்த மஞ்சளாக எதிரில் வந்தபோது
நான் ஏறவில்லை. திரும்பப் பள்ளி வரை
ஒருமுறை தனியாக நடந்து பார்த்தேன்.
தப்பிய இடமெல்லாம் காலுக்கு ஞாபகம் இருந்தது.

"டீச்சர் தொலைஞ்சு கத்துக்கிறவங்க."
சொன்னது பூமயில்.
கொஞ்ச நேரம் கழித்து, "நானும்" என்றாள்.
"நெறய தப்பாப் போட்டுப் பாப்பேன் டீச்சர்,
பென்சில்ல. அப்புறம் அழிச்சிருவேன்.
நீங்க திட்டுவீங்கல்ல."

இரவு அவள் தாளை பல்பு வெளிச்சத்தில் பிடித்தேன்.
ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு வழி,
நான்காவதுதான் வீடு போய்ச் சேர்ந்தது.

திங்கள் வந்தது, சிக்னல் வரவில்லை.
எல்லோருடைய ரப்பரையும் மேஜைக்கு வரச் சொன்னேன்.
முப்பது வந்தது.
ஒன்றை ஆடு தின்றுவிட்டதாம்,
குழந்தைவேல் சத்தியம் செய்கிறான்.