அசல் எங்கே

வெள்ளவத்தையில், காலி வீதி ஓரம்,
போட்டோக்கொப்பிக் கடைப் பெடியன்
என் கணவரின் விவாகரத்தை
கண்ணாடியில் முகம் குப்புறப் படுக்கவைத்து
மூடியை அமத்துகிறான்.
பச்சை வெளிச்சம் ஒருக்கால் போய் வருகிறது.
"எத்தனை செட் அக்கா?"
மூன்று.

ஒற்றைத் தாள்தான்.
நோர்வேயில் இதற்கு வழக்கில்லை, நீதவானில்லை,
கூண்டில் ஏறி ஒருவரும் அழவில்லை.
ஒரு வருஷம் பிரிந்திருந்து விண்ணப்பித்தால்
கந்தோரிலிருந்து தபாலில் வந்துவிடுமாம்,
தண்ணி பில் மாதிரி.

லண்டன் விசாக்காரருக்கு அது போதாது.
நீதிமன்றத் தீர்ப்பு எங்கே?
அசல் எங்கே?
இருபத்தொரு நாள் தவணை.
அசல் வீடு மாறினபோது தொலைந்தது என்கிறார் இவர்.
தீர்ப்போ, எழுதப்படவே இல்லை.

புதுக்கடையில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்
மஹ்ரூஃப் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"இது எந்தப் பாஷை தங்கச்சி?
நான் சிங்களம், தமிழ், இங்கிலிஸ்.
காணி உறுதி, பிறப்பு, இறப்பு.
இந்த வட்டத்துக்குக் குறுக்கே கோடு கிடக்கே,
பிழையெண்டு வெட்டினதோ?"
காசு வாங்கவில்லை. பிளேன்டீ தந்தார்.

அந்தத் தாளில் எனக்கு வாசிக்கத் தெரிந்தது
இரண்டு பேரும் சில இலக்கங்களும்.
துஷ்யந்தி குலவீரசிங்கம்.
விண்ணப்பத்தின் ஏழாம் பக்கப் பெட்டியில்
எத்தனை தரம் எழுதிவிட்டேன்!
அவளுடைய பிறந்த திகதி எனக்கு மனப்பாடம்.
இவருடையதை இன்னும்
பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் நிரப்புகிறேன்.

"அவளிட்ட என்னாலக் கேக்கேலாது" என்றார்,
இரவு வேலைக்குச் சப்பாத்துப் போட்டபடி.
சரி.
நம்பர் கொட்டாஞ்சேனையில் கிடைத்தது.

வீட்டுக்குள் நின்று கதைக்க மனமில்லை.
தண்டவாளக் கரையில், கல்லில் அலை அடிக்க,
"நான் அவற்ற மனிசி" என்று சொன்ன கணத்தில்
பாணந்துறை ரயில்
அந்தச் சொல்லை முழுசாய் விழுங்கிக்கொண்டு போனது.
"ஆர் கதைக்கிறது? கேக்கேல்லை."
இரண்டாம் தரம் சொல்ல வாய் வரவில்லை.
"கொழும்பிலயிருந்து. ஒரு பேப்பர் விஷயமா."

அவளுக்கு விளங்கிவிட்டது.
பேர்கனில் அப்போது மழையாம்.
"இங்க தீர்ப்பெண்டு ஒண்டும் இல்லை,
இந்தக் கடதாசிதான் முடிவெண்டு
இங்கிலிஸில எழுதித் தருவினம். கேக்க வேணும்.
திங்கக்கிழமை எனக்கு லீவு."

நன்றி சொல்லத் தொடங்கினேன்.
குறுக்கே கேட்டாள்:
"இப்பவும் சோத்துக்குப் பிறகு தேத்தண்ணி கேக்கிறவரோ?"
தெரியாது என்றேன்.
பத்தொன்பது நாள்தான் சேர்ந்திருந்தம்.
"ஓ" என்றாள்.
கொஞ்ச நேரம் கடலும் மழையும் கதைத்தன.
"நித்திரையில பிசத்துவார். பயப்பிடாதையும்."

பதினேழாம் நாள் கூரியர் வந்தது.
நீல முத்திரை. கையொப்பம்.
கடிதத்தோடு, கேட்காமலே,
தன்னுடைய தாளையும் வைத்திருந்தாள்.
மூலையில் ஒரு மஞ்சள் ஒட்டுத்துண்டு,
சரிந்த தமிழ் எழுத்தில்:
'அசல் இதுதான்.
திருப்பித் தரத் தேவையில்லை.'

திரும்பவும் அதே கடை, அதே பெடியன்.
விண்ணப்பத்தின் கடைசிப் பக்கம் கேட்கிறது:
உங்கள் உறவு உண்மையானதென்பதற்கு
வேறு ஆதாரம் இருந்தால் இணைக்கவும்.

"அக்கா, இந்த மஞ்சள் துண்டோட அடிக்கவோ,
கழட்டிப்போட்டு அடிக்கவோ?"

பின்னால் ஒருவர்
அடையாள அட்டையை விரலில் தட்டிக்கொண்டு
இருமுகிறார்.