ஆண்டுக்கு ஓர் அறை

டுலூத்தில், ஏரியை நோக்கிச் சரியும் தெருவொன்றில்
நூற்றுப் பன்னிரண்டு வயது வீட்டை வாங்கினோம்.
விற்றவர் சாவியோடு
ஒரு ஷூ பெட்டி நிறைய ஃபியூஸ் கொடுத்தார்.
அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

ரொட்டி வாட்டும்போது துணி துவைக்கக் கூடாது.
தலையை உலர்த்தினால் வானொலி செத்துவிடும்.
மாரிட் இதையெல்லாம் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள்,
சின்ன நாடொன்றின் சட்டம்போல.

மொத்தமாக மாற்ற எவ்வளவு ஆகும் என்று
ஜோலீன் பெர்க்விஸ்ட் சொன்னபோது
நாங்கள் இருவரும் அவரவர் காபிக் கோப்பைக்குள் பார்த்தோம்.
விரலுக்கேற்ற வீக்கம்.
ஆண்டுக்கு ஓர் அறை.

முதலில் சமையலறை.
சுவரைத் திறந்தால்
வரிசையாய் வெள்ளைப் பீங்கான் குமிழ்கள்,
துணி சுற்றிய கம்பியைக் கடித்துக்கொண்டு
நூறு வருடமாய் வாய் திறக்காமல்.
“முதலில் போட்டவன் ஒழுங்கானவன்.
பின்னால் வந்தவர்கள்தான்...” என்ற ஜோலீன்
மிச்சத்தைச் சொல்லவில்லை.
கருகிய முடிச்சொன்றைத் தூக்கிக் காட்டினாள்.

மறுவருடம் படுக்கையறை.
அதற்கடுத்த வருடம் கொதிகலன் வெடித்ததால் எதுவுமில்லை.
பிறகு குளியலறை. புதுவிளக்கின் கீழே முதல்முறையாக
நாங்களே அடித்த மஞ்சள் மஞ்சளில்லை என்று தெரிந்தது,
என் காதில் முடி முளைத்திருப்பதும்.
“பல் வைத்தியரிடம் வந்த மாதிரி இருக்கிறது,” என்றாள் மாரிட்.
பல்பை மாற்றினோம். மஞ்சளை மாற்றவில்லை.

ஐந்தாம் வருடம் கூடம்.
வாசல் விளக்கைப் போட்டால் நிலவறை விளக்கும் எரியும்,
யார் செய்த கோளாறோ.
மாலை ஷிப்ட் முடித்துத் தாதுத் துறையிலிருந்து வரும் எனக்காக
மாரிட் வாசலில் விளக்கை விட்டுவைப்பாள்.
கீழே நான்கு உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கும்
விடியவிடியக் கரண்ட் போகும்.
குடத்துக்குள் விளக்கு, என்று ஒவ்வொரு பில்லுக்கும் புலம்புவேன்.
ஜோலீன் அரை நாள் மல்லாடி இரண்டையும் பிரித்தாள்.
இரண்டு சுவிட்ச். பித்தளைத் தகடு. புதுச் சுவர்த்தாள்,
கடற்பாசி நிறத்தில்.
நான் வெறுமனே போட்டுப்போட்டு அணைத்தேன்,
பொம்மை கிடைத்தவன்போல.

ஜனவரியில் லோர்னா பெட்ரிச் கதவைத் தட்டினாள்.
மேல்தெருவில் இருப்பவள்; பெயர்கூட அன்றுதான் தெரியும்.
ஒரு மணிக்கட்டில் மாவுக்கட்டு.
“உங்கள் நிலவறை பல்பு போய்விட்டதா?” என்றாள்,
குறை சொல்கிற குரலில்லை.

எங்கள் வீட்டை ஒட்டிப் போகிற நகராட்சிப் படிகள்,
முப்பத்தெட்டு.
மருத்துவமனை முடிந்து கடைசிப் பேருந்தில் இறங்கி
ஒன்பது குளிர்காலமாய் அதில்தான் ஏறுகிறாள்.
தெருவிளக்கு எட்டாத அந்த நடுப்பகுதியில்
தரையை ஒட்டிய எங்கள் நிலவறை ஜன்னல்தான்
எது படி, எது பனிக்கட்டி என்று காட்டியிருக்கிறது.
“எனக்காகப் போடுகிறீர்கள் என்று நினைத்தேன்,”
என்று சிரித்தாள்.
எங்களுக்குச் சிரிக்க வரவில்லை.

குடத்துக்குள் என்று நான் புலம்பியது
குன்றின்மேல்தான் எரிந்திருக்கிறது.

ஜோலீன் கருவிப்பையை இறக்காமலே கேட்டாள்:
“நான் காசு வாங்கிக்கொண்டு சரிசெய்ததை
மறுபடி காசு கொடுத்துக் கெடுக்கச் சொல்கிறீர்கள்?”
ஆமாம், என்றோம்.
“தப்பில்லை. விசித்திரம், அவ்வளவுதான்.”
பித்தளைத் தகட்டில் ஒரு சுவிட்ச் இப்போது சும்மா இருக்கிறது;
விருந்தாளிகள் போட்டுப் பார்த்துக் குழம்புவார்கள்.
மின்பலகையின் கதவில் பதினான்காம் எண்ணுக்கு நேரே
அவள் கையெழுத்து:
வாசல், நிலவறை. தெரிந்தே.

உணவறை இன்னும் பாக்கி.
அங்கே ரொட்டி வாட்ட முடியாது.
ஷூ பெட்டியை நான் தூக்கிப் போடவில்லை.