நல்லது என்று சொல்வதற்கு

எஸ்.பி. ரோட்டில், இம்தியாஸ் கடையில்,
மூலையில் ஒரு கீறலோடு பதினெட்டாயிரத்துக்குக் கிடைத்தது.
ஆட்டோவில் மடியில் வைத்து
ஒவ்வொரு வேகத்தடைக்கும் மூச்சைப் பிடித்து
லிங்கராஜபுரம் மூன்றாம் மாடிக்கு ஏற்றினேன்.

எண்பத்திரண்டு லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரத்து நானூறு புள்ளிகள்.
நொடிக்கு அறுபது தரம்
அத்தனையையும் புதிதாய் எழுத வேண்டும்.
பழைய மானிட்டரில் ஒரே மசியாய் அப்பிக் கிடந்த
மழைநீர்க் கால்வாய் வரைபடம்
இதில் மதகு மதகாய்ப் பிரிந்தது.
ஹெண்ணூர் பக்கம் ஒரு நீலக் கோடு
வீடுகளுக்கு அடியில் நுழைந்து
மறுபுறம் வரவேயில்லை.
அதைப் பெரிதாக்கினேன்.

கருப்பு.

"கேக்குதா?" என்றார் ஷெனாய், ஹெட்போனுக்குள்.
கேட்கிறது. தெரியவில்லை, அவ்வளவுதான்.
விசிறி ஓடுகிறது, மீட்டிங் நடக்கிறது,
போனிலிருந்து தட்டினால் கதவைத் திறக்கிறது.
உள்ளே போய் லாக்கின் கடைசி வரிகளைப் படித்தேன்:
கிராபிக்ஸ் சிப் பதில் சொல்லவில்லை.
பத்து நொடி பார்த்தேன்.
மறுபடி எழுப்பினேன்.
எழவில்லை.
பிரேதப் பரிசோதனை அறிக்கையைப்
பிரேதமே எழுதிக் கையில் கொடுத்த மாதிரி.

கேபிள் மாற்றினேன், ஆயிரத்து இருநூறு.
போர்ட் மாற்றினேன்.
அறுபதை முப்பதாகக் குறைத்தேன்;
கர்சர் இடுப்பளவுத் தண்ணீரில் நடக்கிற ஆள் போல வந்தது,
ஆனால் சாகவில்லை.

டிரைவரின் நிரல் முழுக்கத் திறந்தே கிடக்கிறது.
அதுதான் தொல்லை.
பூட்டியிருந்தால் கம்பெனியைத் திட்டிவிட்டுத் தூங்கலாம்.

முந்தைய கெர்னலில் சரி, அடுத்ததில் சாவு,
நடுவில் பதினாலாயிரம் மாற்றங்கள்.
சரிபாதியில் வெட்டு. கம்பைல் செய். ஓட்டிப் பார்.
எந்தப் பாதி என்று சொல்.
பதினாலு வெட்டில் ஆள் அகப்படும்.
ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிடம் கொதித்துவிட்டு
கணினி கேட்பது ஒன்றே ஒன்று:
நல்லதா, கெட்டதா?

கெட்டது என்பது சுலபம்.
கருப்பானதும் சொல்லிவிடலாம்.
நல்லது என்று சொல்வதற்கு
எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்?
முதல் மூன்றுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தேன்.
ஐந்தாவதற்கு இருபது நிமிடம்.
எட்டாவதின்போது வெளியே மழை பிடித்துக்கொண்டது,
கரென்ட் போய்விடுமோ என்ற பதற்றத்தில்
டீ பொங்குகிற நேரம் பார்த்துவிட்டு
நல்லது என்று எழுதிவிட்டேன்.

பதினாலாவதில் அகப்பட்ட குற்றவாளி:
ஏதோ ஒரு சவுண்ட் கார்டின் குறிப்பில்
யாரோ செய்த எழுத்துப்பிழைத் திருத்தம்.

சிரித்தேன். பிறகு சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, எட்டிலிருந்து மறுபடி.
இந்த முறை பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்து,
ஒவ்வொன்றையும் சுடச்சுட நம்பாமல்.
கடைசியில் ஒரு வரி.
விழிக்கிற மானிட்டருக்குக் கொடுத்த இருநூறு மில்லிநொடியை
ஒருவர் ஐம்பதாக்கியிருக்கிறார்.
காரணம்: "இவ்வளவு தாமதம் தேவையில்லை."
அவர் மேசையில் இருந்தது
கூப்பிட்டதும் எழுகிற சாதியாய் இருந்திருக்கும்.
என்னுடையது கீறல் விழுந்தது,
யாரோ பார்த்துத் தீர்த்தது,
எழ நேரம் எடுக்கும்.

இருநூறைத் திருப்பிக் கொடுத்தேன்.
ஒன்பது மணி நேரம் பதினோரு நிமிடம்.
நீலக் கோட்டின் மறுமுனையை
ஒரு கல்யாண மண்டபத்தின் பின்சுவரில் பிடித்தேன்.
பெரிதாக்கினேன்.

கருப்பு.

கை தானாய்ப் போனைத் தேடியது.
லாக்கில் நுழையப் பார்த்தேன், கதவே இல்லை.
விசிறிச் சத்தமும் இல்லை.
கீழே ரத்னம்மா ஜன்னல் வழியாகக் கத்துகிறார்:
"கரென்ட் ஹோய்த்தா?"
எட்டிப் பார்த்தேன். தெரு முழுக்க இருட்டு,
தண்ணீர் டேங்க் வரைக்கும் இருட்டு.

"ஹௌது, ஹோய்த்து!" என்றேன்.
என்னவோ லாட்டரி விழுந்த குரலில்.