ஏழாவது கேள்வி

ஐந்து ரோட்டில்
ஸ்வீட் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
உரிமம் முடிய ஒன்பது நாள் இருக்கையில்
இருபத்தைந்து மணி நேரம் உட்கார வந்திருக்கிறோம்
முப்பத்தோரு முகவர்கள்.
கீழே பாகு காய்ச்சுகிறார்கள்.
மேலே ஒரு மின்விசிறி சுற்றுகிறது,
இன்னொன்று சுற்றும் என்கிறார்கள்.

ஸ்டீல் பிளான்ட்டில் ஓய்வு பெற்றவர்
போன முறை கேட்ட அதே சந்தேகத்தைக் கேட்கிறார்.
ஓமலூர் கலையரசி மேசைக்கடியில்
யாருக்கோ பிரீமியம் கட்டச் சொல்லி
மெசேஜ் அடிக்கிறாள்.
பயிற்சியாளர் பையன் கோவையிலிருந்து
முதல் பஸ்ஸில் வந்தவன்.
கொட்டாவியை விழுங்கிவிட்டு
'உச்சபட்ச நல்லெண்ணம்' என்று போர்டில் எழுதுகிறான்.
வரி வலதுபக்கம் சரிந்துகொண்டே போகிறது.

"முக்கியமான தகவல்னா எது?
தெரிஞ்சா கம்பெனி ஒரு நிமிஷம் யோசிக்கும்ல,
அது. எழுதிக்குங்க."

எழுதிக்கொள்கிறேன்.

சீரங்கன் கொலுசுக்குக் கண்ணி பற்றவைப்பவர்.
செவ்வாய்ப்பேட்டையில் எட்டுக்குப் பத்துப் பட்டறை.
ஊதுகுழலை வாயில் வைத்தபடியே
தலையாட்டித் தலையாட்டிப் பதில் சொன்னார்.
வயது முப்பத்தெட்டா? ஆட்டினார்.
பீடி கிடையாதே? ஆட்டினார்.
ஏழாவது கேள்வி:
தொடர் இருமல், மூச்சிரைப்பு உண்டா?
குழலை எடுத்துவிட்டு
இருமினார்.
இருமி முடித்து,
"இது பட்டறை இருமலுங்க,
ஞாயித்துக்கிழமை இருக்காது" என்றார்.

மார்ச் இருபத்தொன்பது அன்றைக்கு.
என் இலக்குக்கு இரண்டு பாலிசி குறைந்தது.
'இல்லை' என்ற கட்டத்தில்
நான்தான் டிக் அடித்தேன்.
சின்ன டிக்.
பேனா சரியாக எழுதவில்லை,
இரண்டாம் தரம் அழுத்தினேன்.

மூன்று வருடம் தாண்டிவிட்டால்
கம்பெனி எதையும் தோண்டக் கூடாது
என்கிறது சட்டம்.
பதினோரு நாள் மிச்சமிருக்கையில்
சீரங்கன் இறந்தார்.
அரசு ஆஸ்பத்திரியின் பழைய சீட்டு ஒன்று
எப்படியோ மேசைக்கு வந்தது.
அதில் ஒரே ஒரு வரி,
பாதி மடிப்பில் அழிந்தது.
மீதி போதுமாக இருந்தது.

பாவாயி என்னைத் திட்டவில்லை.
திட்டியிருந்தால்
அந்தத் தெருப்பக்கம் போவதை நிறுத்தியிருப்பேன்.
"நீங்க என்னக்கா பண்ணுவீங்க,
அவரு சொல்லியிருக்கணும்" என்றாள்.
சொன்னார் என்று
நான் சொல்லவில்லை.
கட்டிய பணம் மட்டும் திரும்பி வந்தது.
ரெவின்யூ ஸ்டாம்ப்பை
நாக்கில் தொட்டு ஒட்டிக் கொடுத்தேன்,
கையெழுத்தை அவள் போட்டாள்.

மூன்றரைக்குத் தேர்வு.
கேள்வி பதினேழு:
வாடிக்கையாளர் சொன்ன முக்கியமான தகவலை
முகவர் படிவத்தில் எழுதாமல் விட்டால்...
நாலு விடை.
கலையரசி முழங்கையால் இடிக்கிறாள், "சி தானேக்கா?"
சி தான்.

எண்பத்தாறு மதிப்பெண்.
பையன் கைதட்டச் சொல்கிறான், தட்டுகிறோம்.
ஆளுக்கொரு தட்டுவடை செட், அரை டம்ளர் டீ,
நடுவில் கிளிப் மாட்டிய சான்றிதழ்.
இனி மூன்று வருடத்துக்கு
என்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

போகிற வழியில் பட்டறைக்குப் போனேன்.
சீரங்கன் உட்கார்ந்த மனையில்
இப்போது கார்த்திக்ராசா, இருபத்துநாலு வயது,
அடுத்த மாதம் கல்யாணம்,
ஒரு பாலிசி வேண்டும் என்று போன் பண்ணியிருந்தான்.
படிவத்தை முழங்கால்மேல் விரித்தேன்.
ஆறு வரைக்கும் தலையாட்டினான்.
ஏழுக்கும்
'இல்லை' என்று அவசரமாக ஆட்டினான்.

உண்டு என்று எழுதினால் மெடிக்கல் கேட்பார்கள்.
மெடிக்கல் என்றால் ஒருநாள் கூலி போகும்,
இவன் வர மாட்டான்,
வேறு முகவர் நாளைக்கே வருவார்,
நன்றாக எழுதும் பேனாவோடு.

"குழலை எடுத்துட்டுச் சொல்லு தம்பி" என்றேன்.
எடுத்தான்.
அடுப்பு சீறிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை இருக்காதா?"

என் வாயிலிருந்து அது வந்ததும்
யார் சொன்னது என்பதுபோல்
பக்கத்துப் பட்டறைக்காரனைத் திரும்பிப் பார்த்தான்.